ஆறாவது பாட்டில்

1

இந்தக் கதை எனக்குக் கண்ணாடிக் கடையில் கிடைத்தது. (தலைப்பைப் பார்த்துக் குடிக்கிற சமாச்சாரம் என்று நம்பி வந்தவர்கள் மன்னிக்கவும். இது ஓர் இசைத்தட்டின் ஆறாவது பாட்டைப் பற்றியது.) கண் பரிசோதித்த பெண், என் பார்வை இன்னும் மோசமாகிவிட்டது என்று சொன்ன கையோடு, தங்கள் குழுவின் முதல் இசைத்தட்டையும் என்னிடம் திணித்தாள். கேட்டேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. திரும்பப் போய், என்னதான் பாடியிருக்கிறாய் என்று விசாரித்தேன். அவள் சொன்னதில் பாதி இங்கே இருக்கிறது. மீதி என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘புகைமூட்டத்தின் நடுவே நான்கு நிழல்கள் அசைந்தன, அவற்றில் ஒன்று மெல்லத்’

நிறுத்திவிட்டேன். குழுவில் இருப்பதே மூன்று பேர். புகையும் கிடையாது. ஒத்திகை நடந்தது வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறையின் பின்னறையில். அங்கே சோப்புத்தூள் வாசம்தான்.

பட்டறை அவளுடைய கணவருடையது. கிட்டார் அவர். டிரம்ஸ் அவருடைய தங்கை. பள்ளியில் கணக்கு டீச்சர். பாடுவது இவள். ஷூகேஸ் (தன் ஷூவையே பார்த்துக்கொண்டு வாசிப்பது) என்கிற ராக் வகை இது. கிட்டார் ஒலியைக் குழைத்துக் குழைத்துச் சுவர் மாதிரி எழுப்புவார்கள். பாடுகிறவர் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பார். கணவரின் காலடியில் பதினோரு பெட்டிகள். ஒவ்வொன்றையும் மிதித்தால் ஒலி ஒவ்வொரு விதமாகக் கலங்கும். மிதிக்கிற மும்முரத்தில் மனிதர் நிமிர்வதே இல்லை.

(இவரை வில்லனாக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியவில்லை. இவள் சளி பிடித்துக் கிடந்தபோது, இருமலுக்கு இடையூறாக இருக்குமென்று ஒரு வாரம் கிட்டாரைத் தொடாதவர்.)

3

முதல் பாட்டைப் பதிவு செய்ததுமே, தன் குரல் கேட்கவில்லை என்று அவள் முறையிட்டாள்.

“கேக்கக் கூடாது. உணரணும்,” என்றார் அவர்.

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டாள். யாருக்கும் கேட்காத இடத்தில் எதையும் சொல்லலாம் அல்லவா? இரண்டாவது பாட்டில் அவருடைய குறட்டையைப் பாடினாள். நான்காவதில் அவருடைய பெரியப்பாவைப் பாடினாள். தலையணையில் சாய்ந்து கேட்ட கணவர், சொர்க்கம் தெரிகிறது என்றார்.

அப்போதுதான் அவளுக்கு வேறு ஊரில் வேலை வந்தது. கடையின் புதுக் கிளை, முழுப் பொறுப்பும் அவளுடையது, மூன்று மாதத்தில் சேர வேண்டும். இரண்டு தடவை அவரிடம் சொன்னாள். இரண்டு தடவையும் காதில் ஹெட்ஃபோன். அவர் சிரித்துத் தலையாட்டினார். ஆக, ஆறாவது பாட்டு:

வேற ஊர்ல வேலை வந்திருக்கு,
போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.
நீங்க வருவீங்களான்னு நான் கேக்கல,
கேட்டாலும் உங்களுக்குக் கேக்கல.

பாடி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அவர் மட்டும் நிமிர்ந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஒன்பதாவது பெட்டியில் ஏதோ கோளாறு. குனிந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

4

வினை, இசைத்தட்டின் அட்டையை அச்சடிப்பவர் ரூபத்தில் வந்தது. அட்டையில் போடப் பாடல் வரிகள் வேண்டும் என்றார். கணவர் இவளிடம் கேட்டார். பொய் வரிகள் எழுதித் தர அவளுக்கு ஒரு மதியம் முழுவதும் இருந்தது. ‘நிலவே, நுரையே’ என்று தொடங்கிக்கூடப் பார்த்தாளாம். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள்.

திறந்து கிடந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் படித்தார். குறட்டைக்குச் சிரித்தார். பெரியப்பாவுக்கும் சிரித்தார். ஆறாவதற்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

“இது எப்ப எழுதினது?”

“ரெண்டு மாசமா உங்க முன்னாடிதான் பாடிட்டிருக்கேன்.”

“எனக்குத் தெரியும்ணா,” என்றாள் ஒத்திகைக்கு வந்திருந்த தங்கை. “அண்ணி மைக் என் பக்கத்துலதான இருக்கு. நீயா கேப்பேன்னு பாத்தேன்.”

அவர் பின்னறைக்குப் போனார். கிட்டாரை முழுக்க இறக்கி, அவள் குரலை மட்டும் ஏற்றி, ஆறாவது பாட்டை ஓடவிட்டார். அந்தச் சின்ன அறையில் அவள் குரல் உடுத்த ஒன்றுமில்லாமல் நின்றது. அவளுக்கே கூசியது. கிட்டாரை ஏற்றச் சொன்னாள். அவர் ஏற்றவில்லை. கடைசிவரை கேட்டார். மறுபடி முதலிலிருந்து கேட்டார். அதன் பிறகுதான் எல்லாவற்றையும் பழையபடி வைத்தார். (என்னிடம் இருப்பது அந்தப் பழைய வடிவம்தான். அட்டையிலும் வரிகள் இல்லை.)

பிறகு அவர் கேட்டார்: “அந்த ஊர்லயும் வாஷிங் மெஷின் ரிப்பேர் ஆகுமில்ல?”

5

அவள் என்ன சொன்னாள்?

ஒரு பிரதியில் அவளைச் சிரிக்க வைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்; அதில் எனக்கு வேலை ரொம்பச் சுலபமாகிவிட்டது. இன்னொன்றில், “அங்க எல்லாரும் கையாலதான் துவைக்கிறாங்களாம்” என்றாள். எழுதிவிட்டு நானே கைதட்டிக்கொண்டேன். மறுநாள் அதையும் அடித்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மூன்றாவதில், ‘இத்தனை நாள் இதைக் கேட்க உங்களுக்கு’ என்று ஆரம்பித்து

இல்லை. இத்தனை நாள் அவள் பேச்சின்மேல் அவர் வாசித்தது போதும். இப்போது நானும் என் பங்குக்கு எழுதி மூட வேண்டாம். அவள் தொண்டையைச் செருமுகிறாள்.

கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.