சார்ஜர் இல்லாமல் மூன்றேகால் மணி நேரம்

சென்னியப்பன் கடைக்காரர் காட்டிய லேப்டாப்பை ஒரு கையால் தூக்கி, மூடியின் ஓரத்தை விரல்களால் தேய்த்துப் பார்த்தார். பனியன் துணி குடோனில் முப்பது வருஷம் துணி பார்த்த கை. எந்தத் துணியைத் தொட்டாலும் தராசில் போடாமலே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். கனமான துணிதான் நல்ல துணி என்பது அவர் தொழில் அவருக்குக் கொடுத்த நம்பிக்கை.

"இது தேறாது கண்ணு. கோடைக்குப் போடற பனியனாட்டம் இருக்குது. நாலு மாசத்துல நைஞ்சு போயிரும்" என்றார் மகளிடம்.

"லேப்டாப்பைத் துவைச்சா போடப் போறோம்?" என்றாள் வினிதா.

கடைக்காரர் தீனதயாளன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சென்னியப்பன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து வேறொன்றைத் தாமே இறக்கினார். இறக்கும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் முகம் மலர்ந்தது. "இது சரக்கு!"

"அது கேம் விளையாடறவங்க வாங்கறதுங்க ஐயா. உங்க பாப்பா சொல்ற வேலைக்கு இது வேண்டாமுங்க" என்றார் தீனதயாளன்.

"நல்ல சரக்கை மேல வெச்சுப்போட்டு கீழ இருக்கறதைக் காட்டறீங்களாக்கும்!"

வினிதாவுக்கு வேண்டியது என்ன என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியும். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாக, ஆர்டர் பிடித்ததிலிருந்து சரக்கு அனுப்புவதுவரை கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறாள். இப்போது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகத் துணி வாங்கி அனுப்பும் பையிங் ஆபீஸ் ஒன்று அவளை வீட்டிலிருந்தபடியே தரச் சோதனை அறிக்கைகளைப் பார்க்கும் வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. இரண்டு வயது யுவனை விட்டுவிட்டு இனி ஓட வேண்டாம். ஒரே நிபந்தனை, அவள் ஆன்லைனில் படித்துவரும் தரக் கட்டுப்பாட்டு டிப்ளமோவை இந்த மாதமே முடித்திருக்க வேண்டும். கடைசித் தேர்வு வருகிற வியாழக்கிழமை. கேமராவை ஓடவிட்டு, எங்கோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க எழுத வேண்டிய தேர்வு. பதினைந்து நிமிடம் முன்னேற்பாடு, மூன்று மணி நேரம் எழுத்து. நடுவில் மெஷின் அணைந்தால் தேர்வு ரத்து. அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் ஆகும், வேலை அதுவரை காத்திருக்காது.

அந்த வியாழக்கிழமைதான் அவர்கள் குடியிருக்கும் மண்ணரைக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.

"அண்ணா, பெட்டியில பத்து மணி நேரம்னு போட்டிருக்குது. துவைச்சா துணி இவ்வளவுதான் சுருங்கும்னு மில்லுக்காரங்க சொல்ற கணக்கையே நாங்க நம்பறதில்லீங்க. ஒரு துண்டு வெட்டித் துவைச்சுக் காயப்போட்டு அளந்து பார்த்துட்டுத்தான் துணியே எடுப்போம். அதே மாதிரி இதையும் ஒருக்கா பார்த்துக்கலாமுங்களா?" என்றாள் வினிதா.

"எப்படிங்க பாப்பா?"

"சார்ஜரைப் பிடுங்கிடுங்க. கேமரா ஓடட்டும். நெட்டை என்ற போன்லயே எடுத்துக்கறனுங்க. மூணேகால் மணி நேரம் நான் இங்கயே உக்காந்துக்கறனுங்க."

வேறொரு கடைக்காரராக இருந்திருந்தால் கையை விரித்திருப்பார். தீனதயாளன் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த தம் நாற்காலியையே எடுத்து அவளுக்குப் போட்டார். இல்லை என்று சொல்வதற்கு ஆகும் அதே நேரம்தான் சரி என்று சொல்வதற்கும் ஆகிறது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் வியாபாரம் செய்யும் தெருவில் கடவுளும் கொஞ்சம் நின்று போவார் என்று தோன்றுகிறது.

"இதையும் வெய்யுங்க" என்று சென்னியப்பன் கனமானதை நீட்டினார். கடையில் காட்டுவதற்கென்று வைத்திருந்த அந்த இரண்டு டிஸ்பிளே பீஸ்களும் எதிரும் புதிருமாக வைக்கப்பட்டன. ஒரே வீடியோ அழைப்பில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி உக்காந்திருக்குதுக" என்றார் தீனதயாளன்.

மணி பத்தரை. வினிதா பாட நோட்டைப் படித்தாள். சென்னியப்பன் டீ குடித்தார், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கனமானதைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். பன்னிரண்டேகாலுக்கு அதன் விசிறி புஸ்ஸென்று இரைந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் திரை கறுத்துவிட்டது.

சென்னியப்பன் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு கடைக்கு வெளியே போய் நின்று சாலையைப் பார்த்தார். மகள் நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. தோற்றவரைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான்.

ஒன்றே முக்காலுக்கு இலேசானதில் இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சார்ஜ் இருந்தது. தீனதயாளன் உள்ளே போய் அதே மாடலில் ஒட்டுப் பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போதுதான் சென்னியப்பன் உள்ளே வந்தார்.

"அது வேண்டாமுங்க. இந்தப் பீஸையே கொடுங்க."

"ஐயா, இது ஒரு வருஷமா டிஸ்பிளேல ஓடினதுங்க. புதுசுல பேட்டரி இன்னும் நல்லாருக்குமுங்க."

"இருக்கும். இல்லாமயும் போகும். சாம்பிள் ஒரு மாதிரி, அப்புறம் மொத்தமா வர்ற பல்க் சரக்கு ஒரு மாதிரி வந்து எத்தனை ஷிப்மெண்ட் திரும்பியிருக்குது, நான் பார்க்காததா? துவைச்சு எடுத்த துணி இனிச் சுருங்காது. வியாழக்கிழமைக்கு எங்களுக்கு இதுதான் வேணும்."

வினிதா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அதேதானுங்கப்பா" என்றாள். தீனதயாளன் அரை மனதோடு பில் போட்டார். டிஸ்பிளே பீஸ் என்பதால் விலையைக் குறைத்ததோடு, "பேட்டரி ஏதாச்சும் பண்ணுச்சுன்னா நேரா இங்க வாங்க" என்று தம் சொந்த நம்பரைப் பில்லின் மேலேயே எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை வினிதாவின் கணவன் வேல்குமார் வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெள்ளகோவிலில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டான். ஒன்பது மணிக்குச் சரியாகக் கரண்ட் நின்றது. மண்ணரை முழுக்கத் தையல் மெஷின்கள் ஓய்ந்தன. அப்படி ஒரு அமைதி அந்தத் தெருவுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வாய்க்கும். சென்னியப்பன் முருகன் படத்துக்கு முன் எண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டு, கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் கதவைத் தட்டிவிடக் கூடாது என்பது அவர் ஏற்றுக்கொண்ட காவல்.

பத்து மணிக்கு வினிதா எழுத ஆரம்பித்தாள். கேள்விகள் அவளுக்குத் தெரிந்த கேள்விகள். ஆறு வருஷம் கையால் செய்த வேலையைத்தான் திரையில் கேட்டிருந்தார்கள்.

பத்தே முக்காலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஜெனரேட்டர் உறுமியது. சுவர் அதிர்ந்தது. திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: அறையில் பலத்த சத்தம் கேட்கிறது, பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் தேர்வு நிறுத்தப்படும்.

அவள் எழுந்திருக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. கதவுப் பக்கம் திரும்பக்கூடக் கூடாது. அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். அப்பா வெளியே இருக்கிறார் என்பது போதும்.

சென்னியப்பனுக்குச் சிவப்பு எழுத்து தெரியாது. ஆனால் சத்தம் கூடாது என்று மகள் விதிகளை வாசித்தபோது கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பு மாட்டாமலே போனார். பக்கத்துக் கட்டடத்தில் தங்கராஜின் தையல் யூனிட். பதினாறு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"தங்கராஜு! இதைக் கொஞ்சம் அணைங்க சாமி!"

"என்னுங்கண்ணா? கேக்கலீங்க!"

"அணைங்க!"

தங்கராஜ் அவரை வெளியே அழைத்துவந்தார். "அணைச்சா எப்படிங்கண்ணா? சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வருது. நானூறு பீஸ் இன்னும் தைக்கோணும்."

"வினிதா பரீட்சை எழுதிட்டிருக்குது. சத்தம் கேட்டா ரத்துப் பண்ணிப்போடுவாங்களாம். ஒரு மணி வரைக்கும். நான் உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லீங்க."

"காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்க."

"தோணலியே. கரண்ட் இல்லீனா சத்தம் இருக்காதுன்னு நினைச்சுட்டேன்."

தங்கராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். தைத்து முடித்த பனியன்கள் ஒரு மூலையில் மலையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நூல் பிசிறு வெட்டி, பார்த்து, மடிக்க வேண்டும். எப்படியும் தையல் முடிந்தபின் செய்ய வேண்டிய வேலை.

"எல்லாரும் மெஷினை விட்டு எந்திரிங்க" என்றார். "பிசிறு வெட்டறதை இப்பவே முடிச்சுப்போடலாம். ஒரு மணிக்கு மேல தையல். பழனாத்தாக்கா, வெளிச்சமா வாசல்ல உக்காருங்க. பேச்சு மட்டும் கூடாதுங்க."

"பேசாம வேலை செய்யோணுமா? அதுக்கு ஜெனரேட்டரே தேவலை" என்றாள் பழனாத்தாள். ஆனால் முதலில் கத்தரிக்கோலை எடுத்தவளும் அவள்தான்.

ஜெனரேட்டர் நின்றது. திரையில் சிவப்பு எழுத்து மறைந்தது. வினிதா நிறுத்தாமல் எழுதினாள்.

ஒரு மணிக்குத் தாளை அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்ற பதிலும் வந்தது. எழுதியவை சரி என்று அவளுக்குத் தெரியும். முடிவுக்காகப் பயப்பட ஒன்றுமில்லை. கதவைத் திறந்தால் முக்காலி காலியாக இருந்தது. பக்கத்து வாசலில் பதினைந்து இருபது பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் அப்பா, மூக்குக் கண்ணாடியோடு.

அவளுக்கு ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. நன்றி என்ற சொல் அந்த இடத்துக்குச் சின்னதாக இருந்தது.

"முடிச்சுட்டியா கண்ணு? நாங்க பேசலாமா?" என்று கேட்டாள் பழனாத்தாள், இரண்டு மணி நேரம் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தவள் தலை தூக்கியது போல.

"பேசுங்கக்கா. நல்லா சத்தமாப் பேசுங்க." வினிதா துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தங்கராஜண்ணா, ஜெனரேட்டரைப் போடுங்க. எல்லாரும் மெஷினுக்குப் போகட்டும். இந்தக் குவியலை நானும் அப்பாவும் பார்த்துக்கறோம். வண்டி ஆறு மணிக்குத்தானுங்களே?"

"ஆமாங்க."

"ஏத்திடலாம்" என்று அவள் ஒரு பனியனை உதறி மடியில் போட்டுக்கொண்டாள்.