சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு கலம்

பாலேஸ்வரிக்குப் படிப்பு வரும், பேச்சு வராது. வெள்ளவத்தையில் அவளோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்து, ஒன்றாகவே களனிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். போன முறை விளக்கவுரை சொல்ல வகுப்புக்கு முன்னால் ஏறி நின்று, ஒரு சொல்கூடப் பேசாமல் இறங்கிவிட்டாள். இந்த முறையும் வாய் திறக்காவிட்டால் அவள் ஆசைப்பட்ட சிறப்புப் பட்டம் இல்லை.

அதற்காகச் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் மாதிரி செய்திருந்தாள். பெட்டிதான் உயிர்க்கலம். சுவரில் கையால் சுழற்றும் அட்டைக் கதவு. உள்ளே கண்ணாடிக் குண்டுப் போளைகள்: சிவப்புப் போளை சோடியம், நீலப் போளை பொட்டாசியம். கதவை ஒருமுறை சுழற்றினால் மூன்று சிவப்பு வெளியே போகும், இரண்டு நீலம் உள்ளே வரும்.

அன்று காலை வெள்ளவத்தைப் பாலத்தடியில் வழக்கம்போல பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பொலிஸ் சார்ஜன்ட் பெட்டியைக் கண்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"மொக்கத மே?"

"பொட்டாசியம் பம்ப்" என்றாள் இந்த மண்டு.

யுத்த காலத்தில், சோதனைச் சாவடியில், தமிழ்ப் பெண் சொல்லக்கூடிய சொல்லா அது! 'பம்ப்' அவர் காதில் 'பொம்ப்', வெடிகுண்டு என்றே விழுந்திருக்கும்; சார்ஜன்ட் பின்னால் பாய்ந்தார். துப்பாக்கி நிமிர்ந்தது. நான் மன்றாடத் தொடங்கினேன்.

"நீ சும்மா இரு, டோரின்" என்றவள், தெருவிலேயே குந்தி, பெட்டியைத் திறந்து, உடைந்த சிங்களத்தில் விளக்கத் தொடங்கினாள். பயத்தில் அவளுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது!

சார்ஜன்ட் மெல்லக் கிட்ட வந்து, தங்கச்சி என்று கூப்பிட்டே கேட்டார். "வெளியில போனது திரும்ப உள்ள வராதா, நங்கி?"

"வரும் சேர், கசிஞ்சு கசிஞ்சு வரும்."

"பிறகேன் தள்ளுறது?"

"நிப்பாட்டினா உப்பும் தண்ணியும் ஏறி, வீங்கி வெடிச்சிடும்."

அந்தச் சொல்லையும் சொல்லித் தொலைத்தாள். நல்லகாலம், அதற்குள் கதவைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் சார்ஜன்ட்தான்.

வகுப்பில் பேராசிரியரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். துப்பாக்கி இல்லாமல் கேட்டதால் அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. வெளுத்து வாங்கினாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மாலையில் அதே பாலத்தடி, அதே சார்ஜன்ட்.

"பாஸ்த நங்கி?"

"ஓம், பாஸ்!"

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நல்லது. பெட்டியைத் திறங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலமை பாத்தனீங்கள்தானே?"

"நிப்பாட்டக் கூடாது எண்டு இந்த நங்கிதானே சொன்னது" என்றார் அவர்.

பாலேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள்.