முந்தின நாள் மூன்று மணி

"பனிக்குடம் எப்ப உடைஞ்சது?" என்று நர்ஸ் கேட்டது என் தம்பி மனைவியைத்தான். பதில் சொன்னது நான். "காலைல ஆறு மணிக்கு." தையல் கம்பெனியில் முப்பது மெஷின்களுக்கு சூப்பர்வைசர் நான். யாரை எது கேட்டாலும் என் வாய்தான் முதலில் திறக்கும். வலியில் இருந்தவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் ஆறு என்று எழுதிக்கொண்டாள்.

உண்மையில் உடைந்தது முந்தின நாள் மூன்று மணிக்கு. என் வரிசையில், காலர் தைக்கும் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, ஈரமா கசியுது" என்றாள். நான் கையிலிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெறமாசத்துல அப்படித்தான் இருக்கும். ரெண்டு புள்ள பெத்தவ சொல்றேன். இந்தக் காலர்க் கட்டை முடிச்சிட்டுப் போ." முடித்துவிட்டுத்தான் போனாள். என் பேச்சைத் தட்டாதவள் என்று அவளைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். மூன்று மணி என்று சொன்னால், ஏன் அப்போதே கூட்டி வரவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் ஆறு என்றேன்.

மதியம் பன்னிரண்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலையிலிருந்து பால் சரியாகக் குடிக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் கண்ணைத் திறந்து, உடனே மூடிக்கொண்டது. டாக்டரம்மா வந்து தாளைப் புரட்டினார். "மாசம் நெறஞ்ச கொழந்த, அம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல, தண்ணி ஒடஞ்சு ஆறு மணி நேரத்துல பொறந்திருக்கு. ரத்தத்துல கிருமி சேர இதுல பெரிசா வாய்ப்பில்ல. இன்னொரு வேளை பாக்கலாம்."

"எங்கக்கா கூடவே இருந்தாங்க டாக்டர், அதான் எல்லாம் நேரத்துக்கு நடந்துச்சு" என்றான் தம்பி.

தம்பி மனைவி குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்க்கக்கூட இல்லை, குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

"ஆறு மணி இல்ல டாக்டர். முந்தின நாள் மத்தியானம் மூணு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "இருபத்தோரு மணி நேரம். பதினெட்டு தாண்டிச்சுன்னு தெரிஞ்சிருந்தா நேத்தே ரத்தம் எடுத்திருப்போம்மா." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நர்ஸைக் கூப்பிட்டார். குழந்தையை வாங்கிக்கொண்டு வேகமாகப் போனார்கள்.

கண்ணாடிக் கதவருகே நான் நின்றேன். தம்பி என்னைத் தாண்டிப் போய் அந்தக் கோடியில் நின்றுகொண்டான். உள்ளே நர்ஸ் குழந்தையின் கையை நீவி ஊசியை ஏற்றினாள். அது அசையவில்லை. வெளியே எடுத்து, வேறு இடத்தில் குத்தினாள். இந்தத் தடவை முகம் சுருங்கி, வாய் அகலத் திறந்தது. கதவில் காதை வைத்துப் பார்த்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை.