மிச்ச வாயுக் கட்டத்தில் கோசோங்

செனாய் நகரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், செனான் வாயுவை அளக்கும் கருவிக்குப் பிளாஸ்டிக் செல் செய்கிறோம். தேநீர்க் குவளை அளவுள்ள மூடிய குப்பிதான் அது. நிலத்தடியில் எங்காவது அணுகுண்டு சோதித்தால் கதிர்வீச்சுள்ள செனான் காற்றில் கசியும். அதை இந்தச் செல்லுக்குள் அடைத்து அதன் கதிர்வீச்சை எண்ணுவார்கள்.

சனியன், பிளாஸ்டிக் அந்த வாயுவைக் குடித்துவிடும். பம்ப் வைத்து உறிஞ்சினாலும் சுவரில் ஊறியது போகாது. மறுநாள் சுத்தமான காற்றை அடைத்தாலும் நேற்றைய வாயு எண்ணிக்கையில் வந்து நிற்கும். பூசாத செல்லில் ஐந்து விழுக்காடு தங்கும். அதைத் தடுக்க உள்சுவரில் அலுமினியம் ஆக்சைடு பூசுகிறோம். பூச்சு என் பொறுப்பு.

வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய முதல் செல்லைச் சோதிக்கிற அன்று, எண்ணும் கருவி பழுது. சோதனைத் தாளில் மிச்ச வாயுக் கட்டத்தில் 'கோசோங்' என்று எழுதினேன். காலி, இன்னும் அளக்கவில்லை என்ற பொருளில். மலாய் மொழியில் பூஜ்யத்துக்கும் அதே சொல்தான். தொலைபேசி எண் சொல்லும்போது நானே தினமும் சொல்வது. மேலாளர் விஜயேந்திரன் அறிக்கையில் 0 என்று ஏற்றினார். அளந்தவர் ஷர்மினி மணியம் என்று என் பெயரைப் போட்டார். செல்லையும் அனுப்பிவிட்டார்.

நான்கு நாள் கழித்துத்தான் அறிக்கையைப் பார்த்தேன். அதற்குள் கருவி சரியாகியிருந்தது. அதே நாளில் பூசிய இன்னொரு செல்லை அளந்தேன். 4.3 விழுக்காடு. பூச்சு ஒட்டவே இல்லை. தாளோடு அவர் அறைக்குப் போனேன்.

"அது வேற செல்," என்றார்.

"ஒரே நாள்ல பூசுனது, சார். போனதைத் திருப்பி வாங்கணும்."

"கோசோங்னு எழுதுனது நானா? யூனிவர்சிட்டி போனவதானே, ரெண்டு வார்த்தை சேத்து எழுத வராதா?"

அவர் சொன்னது சரிதான். அதுதான் எரிந்தது. வாடிக்கையாளருக்கு நானே எழுதுகிறேன் என்றேன். அவர் மிரட்டவில்லை. என் நிரந்தர வேலைக் கடிதம் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. அதன்மேல் தேநீர்க் குவளையைத் தூக்கி வைத்தார்.

அப்பா கூலாயில் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நடந்ததைச் சொன்னேன். "மொதல்ல பெர்மனென்ட் ஆவட்டும்மா. அப்புறம் பேசு லா," என்றார்.

நான் கேட்கவில்லை. அன்றே எழுதி அனுப்பினேன். வெளியே போகும் மின்னஞ்சல் எல்லாம் மேலாளர் ஒப்புதலுக்குப் போய்த்தான் போகும் என்பது அனுப்பிய பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையிலும் என் மின்னஞ்சல் அவர் ஒப்புதலுக்காக அங்கேயே நின்றது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. இனிமேல் குழப்பமே வராதாம். மிச்ச வாயுக் கட்டம் எண்ணை மட்டும் ஏற்கும்படி படிவத்தை விஜயேந்திரன் கணினியில் மாற்றவைத்திருந்தார்.

போன செல்லின் பதிவைத் திறந்தேன். 'அளக்கவில்லை' என்று தட்டினேன். ஏற்கவில்லை. இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு, காலியாகவே சேமித்தேன்.

மூடித் திறந்து பார்த்தேன். காலிக் கட்டத்தில் கணினி தானாகவே 0 போட்டிருந்தது. கீழே என் பெயர்.