உதைக் கிழிச்சுப் போடுங்கோ

லண்டனில் எங்கள் தூதரகத்தில் இப்போது இரண்டு தூதர்கள். மேல்மாடியில் பழைய அரசாங்கத்தின் ஆள். பேஸ்மென்ட்டில், போன மாதம் மரோவாத் தீவில் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தவர்களின் ஆள். நடுவில் விசாக் கவுண்டரில் நான், விஜயரத்தினம். இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுபோவதும் நான்தான்.

தீவின் கடலடியில் எண்ணெய் இருக்கிறது. பழையவர்களோடு ஒப்பந்தம் போட்ட பிரிட்டன், அவர்களைத்தான் அரசாங்கம் என்றது. துறைமுகத்தில் கண் வைத்த பிரான்ஸ் புதியவர்களை அங்கீகரித்துவிட்டது. ஒருகாலத்தில் தீவைப் பாதி பாதியாக ஆண்டவர்கள் அல்லவா, பழக்கம் விடுமா?

இதற்குள் மாட்டிக்கொண்டவள் இங்கே இல்ஃபோர்டில் இருக்கும் ரஞ்சனா. திருச்சிக்காரி. செவ்வாய்க்கிழமை அவளுக்கு இதய ஆபரேஷன். கணவர் கௌசிக்கும் திருச்சிதான்; தீவில் என்ஜினியர், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். கலவரத்தில் பாஸ்போர்ட் எரிந்துவிட்டது.

"அவர் வராம நான் ஆபரேஷனுக்குப் போகமாட்டேன் சார்" என்று தினமும் வந்து நின்றாள்.

அவசரப் பயணக் கடிதம் கொடுக்கலாம். ஆனால் மேல்மாடியின் நீல முத்திரையைக் கண்டால் தீவில் பிடிப்பார்கள். பேஸ்மென்ட்டின் சிவப்பு முத்திரை லண்டனில் செல்லாது. இரண்டு கடிதத்தையும் வாங்கி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை விமானம் ஏறுமுன் கௌசிக் போனில் கோல் எடுத்தார். நான் சொன்னேன்:

"தம்பி, அங்கை சிவப்பைக் காட்டுங்கோ. பிளேன் ஏறினாப்பிறகு உதைக் கிழிச்சுப் போடுங்கோ. ரெண்டும் கையிலை இருந்தா வில்லங்கம்."

லைன் அறுந்துவிட்டது.

தொண்ணூறில் நான் அகதியாக ஓடிவந்தபோது, அனுப்பிவைத்த ஏஜென்ட் எனக்குச் சொன்ன அதே யோசனைதான். சொன்னது நன்றாக விளங்கி, பிளேன் கக்கூசில் பாஸ்போர்ட்டைக் கிழித்தேன். பிறகு நான் நான்தான் என்று நிரூபிக்கப் பதினொரு வருடம் போயிற்று.

கௌசிக் வானத்தில் இருக்கும்போதே செய்தி வந்தது. எண்ணெய்க் கம்பனி புதியவர்களோடு கையெழுத்திட்டுவிட்டதாம். பிரிட்டனும் அவர்களை அங்கீகரித்துவிட்டதாம்.

"இது நல்ல சேதியா, கெட்ட சேதியா சார்?" என்றாள் ரஞ்சனா.

இனி லண்டனில் சிவப்புத்தான் செல்லும், நீலம் செல்லாது. செல்லும் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னவன் நான். வெட்கமும் பயமுமாக இருந்தது.

பின்னேரம் போன் அடித்தது. கௌசிக்.

"சார், வெளிய வந்துட்டேன். சிவப்பைப் பாத்துட்டு விட்டுட்டாங்க."

"கிழிக்கேல்லையோ?"

"நீங்க 'உதை'ன்னுதானே சொன்னீங்க? யாரை உதைக்கணும், எதைக் கிழிக்கணும்னு ஒண்ணும் புரியல. ரெண்டையும் வெச்சிருந்தேன்."

அவர் கையில் இருப்பதை எங்கள் ஊர் வழக்கில் நான் உது என்றேன். அந்தச் சொல் திருச்சியில் இல்லை.

ரஞ்சனா போனைப் பிடுங்கி அழுதாள். பிறகு என்னைக் கும்பிட்டு, "உங்க புண்ணியம் சார்" என்றாள்.

அன்றைக்கு ஏஜென்ட் சொன்னது எனக்கும் விளங்காமல் போயிருக்கக் கூடாதா?