உள்தாழ்ப்பாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் இருந்தவர்கள்: நாற்காலியில் தேவநாதன், வீட்டுக்குப் பெரியவர், திருப்பாதிரிப்புலியூரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். சோபாவில் அவருடைய தம்பி தட்சிணாமூர்த்தி, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் பேராசிரியர். தரையில், சுவரோரமாக, தேவநாதனின் மகள் சிந்துஜா; குறிஞ்சிப்பாடியில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து விடிந்ததும் கைப்பையோடு ஓடிவந்தவள். பக்கத்தில் தாய் சௌந்தரம். சமையலறை வாசலில் காபித் தட்டோடு மருமகள் இலக்கியா. அவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இல்லாதவர்கள் இரண்டு பேர். இலக்கியாவின் கணவன் ஸ்ரீதர் செம்மங்குப்பத்தில் ஷிப்டில் இருந்தான். கம்பெனிக்குள் போன் எடுக்க மாட்டான். சிந்துஜாவின் கணவன் இளவரசு அவளைக் கூட்டிப்போகக் காரில் வந்துகொண்டிருந்தான்.

சௌந்தரம் எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்த ரூம்ல உள்தாழ்ப்பா இல்லப்பா," என்றாள் சிந்துஜா.

"இதுக்காடி ஓடியாந்த? மாப்ளகிட்ட சொன்னா ஆசாரிய வச்சி ஒண்ணு போட்டுக் குடுக்கப் போறாரு."

"இருந்திச்சு. அவருதான் கழட்டுனாரு."

தேவநாதன் காபியைக் கீழே வைத்தார்.

"இவரு லோடு எடுத்துக்கிட்டு வெளியூரு போயிட்டா மூத்தவரு குடிச்சிட்டு வந்து கதவத் தட்டுறாரு. நான் தாழ்ப்பா போட்டுக்கிட்டுப் படுத்தேன். இவரு வந்ததும் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர எடுத்தாந்து தாழ்ப்பாளக் கழட்டிட்டாரு. எங்கண்ணன் என்னா திருடனா, குடும்பத்துக்குள்ள எதுக்குடி தாழ்ப்பான்னாரு. நாளைக்கு இவரு மறுபடி லோடுக்குப் போறாரும்மா."

"மெதுவா பேசு," என்றாள் சௌந்தரம். "தெருவுல ஆளு போவுது."

பிறகு தேவநாதன் தம்பியைப் பார்த்தார். "நீதான் படிச்சவன். எடுத்துச் சொல்லு."

தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமினார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"சிந்து, ஒரு வெரல்ல வலின்னா அதுக்காக ஒடம்பக் கலைச்சிட முடியுமா? மத்த உறுப்பெல்லாம் சேந்து தாங்கிக்கும். குடும்பமும் ஒரு ஒடம்புதாம்மா. அவுங்கவுங்க எடத்துல அவுங்கவுங்க வேலைய செஞ்சாதான் அது நிக்கும். நீ வந்துட்டா இங்கயும் ஆடும், அங்கயும் ஆடும். இத்தன தலமொறையா பொறுத்துப் போறதுன்னு ஒண்ணு இருக்குன்னா, அதுக்கு ஒரு பயன் இல்லாமலா இருக்கு?"

இந்தப் பாடத்தை இலக்கியா கேட்டிருக்கிறாள். சிதம்பரத்தில், அவருடைய வகுப்பிலேயே, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து. செயற்பாட்டியம்: ஒரு பயன் இருப்பதால்தான் சமூகத்தில் எதுவும் நிலைக்கிறது என்னும் கொள்கை. அவர் கரும்பலகையில் ஓர் உடம்பை வரைந்து, குடும்பம் இதயம், மதம் மூளை என்று ஒவ்வொன்றுக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார். மறுநாள் வந்து அந்த உடம்பை முழுசாக அழித்தார். அழித்த இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார்: யாருக்கு?

"ஒரு வழக்கம் நெலைச்சு நிக்குது, அதனால பயன்படுதுன்னு அந்தக் கொள்கைக்காரங்க சொல்லுவாங்க. யாருக்குப் பயன்னு நீங்க கேளுங்க," என்றார். "ஒரு வீட்ல சத்தமே இல்லன்னா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தமில்ல. யாரு வாயோ பொத்தியிருக்குன்னு அர்த்தம்."

பெண்கள் மேசையைத் தட்டினார்கள். எங்க சின்ன மாமனாருதான் என்று இலக்கியா பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் படிக்கட்டும் என்று அண்ணனிடம் பேசி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பேசி வாங்கியதைப் பேசியே திருப்பி எடுக்க அவரால் முடியும். இருந்தும் கேட்டுவிட்டாள்.

"யாருக்கு மாமா?"

"என்னாது யாருக்கு?" என்றார் தேவநாதன்.

தட்சிணாமூர்த்திக்குப் புரிந்தது. மெல்லச் சிரித்தார். "ஒண்ணுமில்லண்ணே, பாடத்துல வர்ற கேள்வி." அவளிடம் குரலைத் தாழ்த்தினார். "அது பரீட்சைக்கும்மா. இது வீடு. கடைசி வருசம் இல்ல? பாத்து இரு."

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

சிந்துஜா எழுந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அழுதிருந்தால்கூட இலக்கியா அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். ஆடு கயிற்றுக்குத் தலையை நீட்டுவதுபோல் இருந்தது அது.

"இந்த மூஞ்சோட மாப்ள முன்னாடி நிக்காத," என்றார் தேவநாதன். "இலக்கியா, உன் ரூமுக்கு இட்டுகிட்டுப் போயி மொகத்தக் கழுவி, பூ வச்சி இட்டுகிட்டு வா. சீக்கிரம்."

இலக்கியா அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கை தாழ்ப்பாளுக்குப் போனது. அது அசையவில்லை. அவள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு அடித்த பெயின்ட் அதன்மேல் உறைந்து கிடந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அதைப் போட்டதே இல்லை. மாமியார் எந்த நேரமும் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். அப்படித்தான் வீடு என்று அவளும் இருந்துவிட்டாள்.

மேசையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. எடுத்து அடித்தாள். பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. இன்னும் ஓர் அடி. தாழ்ப்பாள் கிறீச்சிட்டு உள்ளே போனது.

"அண்ணி, என்னா பண்றீங்க?" சிந்துஜா அவள் கையைப் பிடித்தாள். "கொன்னுடுவாங்க அண்ணி."

"தெரியலடி. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

வெளியே தேவநாதன் தட்டியதில் கதவு அதிர்ந்தது. "ஏய் இலக்கியா! தொற! மாப்ள வந்து நிக்கறாரு!"

பின்னாலேயே இளவரசின் குரல் கேட்டது. கோபமே இல்லாத, விருந்துக்கு வந்தவன் குரல். "என்னா மாமா, உங்க வீட்லயும் இந்தப் பழக்கம் வந்திருச்சா? ஸ்க்ரூ டிரைவர் இருந்தா குடுங்க, கழட்டிர்றேன்."

"ஸ்க்ரூ உள்பக்கம் இருக்கு மாப்ள," என்றார் தேவநாதன், மன்னிப்புக் கேட்பதுபோல.

சிந்துஜா ஜன்னல் பக்கமாகப் பின்வாங்கினாள். இலக்கியா கதவில் வாயை வைத்து, அந்த வீட்டில் ஒருநாளும் கூப்பிடாதபடி கூப்பிட்டாள்.

"சார்."

வெளியே கதவைத் தட்டுவது நின்றது.

"நீங்க போர்டுல எழுதுனதத்தான் சார் கேக்கறேன். யாருக்கு?"

அவள் காத்திருந்தாள். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சிந்துஜா தெருப்பக்க ஜன்னலை இரண்டு கதவும் சுவரில் மோதும்படி திறந்துவிட்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலில் முனகலாகவும் பிறகு ஊரைக் கூட்டும் குரலிலும் சொல்லத் தொடங்கினாள். தாழ்ப்பாளைக் கழற்றினதை. கழற்றினவன் பெயரை. கதவைத் தட்டினவன் பெயரை. தெருவில் ஒரு பைக் நின்றது. எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"ஐயோ, மானம் போவுதே!" என்று கூடத்தில் சௌந்தரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

கதவருகே செருப்பில்லாத காலடி வந்தது. தட்சிணாமூர்த்தியின் குரல், அதே நிதானத்தில். "அண்ணே, நீங்க தட்டாதீங்க. முதல்ல வாசக் கதவச் சாத்துங்க. பசிச்சா தானா வழிக்கு வருவாங்க."

அந்த அறைக் கதவுக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அதில் பெயின்ட் ஒட்டியிருக்கவில்லை. எண்ணெய் போட்டதுபோல் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய், இருவருக்கும் பின்னால் பூட்டிக்கொண்டது.