மூன்றாம் வகுப்பில் பற்றும் தீ

மூன்றாம் வகுப்பு டீச்சர் தன் கணவனை நினைக்கும்போதெல்லாம் வகுப்பறையில் ஏதாவது ஒரு காகிதம் பற்றிக்கொண்டது. முதலில் எரிந்தது பழங்களின் பெயர் எழுதிய சுவர்ப்படம். பிள்ளைகள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, டீச்சர் சன்னல் பக்கம் திரும்பி நின்றபோது, படத்தின் கீழ்மூலை பழுப்பாகிச் சுருண்டு, சத்தமில்லாமல் மாம்பழம் வரை எரிந்தது. டீச்சர் டஸ்டரால் அடித்து அணைத்தார். அடுத்த வாரம் கூரையிலிருந்து நூலில் தொங்கிய காகிதப் பறவைகள் போயின. அதற்கடுத்து, திருத்துவதற்காக மேசைமேல் அடுக்கியிருந்த நோட்டுகளின் மேல் அட்டை. கணவன் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். கல்யாணமான புதிதில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு நின்றுபோனது. டீச்சர் கம்பெனி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கேட்டதில், ஒரு துறைமுகத்தில் நல்ல தெம்போடு, தன் சொந்தக் காலில் இறங்கிப் போனவர் கப்பல் கிளம்பும்போது திரும்பவில்லை என்று சொன்னார்கள். செத்திருந்தால் ஊர் அவருக்கு மரியாதை கொடுத்திருக்கும். இறங்கிப் போனதால் அன்றிலிருந்து 'அவன்' ஆகிவிட்டான். டீச்சர் மட்டும் 'அவர்' என்பதை விடவில்லை.

தலைமையாசிரியை முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார். அவர் போர்டைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராய் இழுத்துப் பார்த்து, "கரண்ட்ல ஒரு குத்தமும் இல்ல மேடம், இந்தத் தீ வேற எங்கிருந்தோ வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு தலைமையாசிரியை டீச்சரைத் தன் அறைக்கு அழைத்து உட்காரவைத்துக் கேட்டார்.

"பத்திக்கிற நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"அவர நெனச்சிட்டு இருந்தேன் மேடம்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா. லேசா நெனச்சா சூடாகும், அவ்வளவுதான். ரொம்ப நெனச்சாத்தான் பத்துது."

தலைமையாசிரியை பேனா மூடியைத் திருகினார். "வீட்லயே நெனச்சு முடிச்சிட்டு வரக்கூடாதா?"

"வீட்ல எரியறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல மேடம்."

தீயணைப்பு நிலையத்திலிருந்து அதிகாரி வந்தார். ஏதோ பழைய விபத்தில் போன ஒரு புருவம் அவருக்குத் திரும்ப முளைக்கவே இல்லை; அதனால் எதைச் சொன்னாலும் பாதி ஆச்சரியத்தோடு சொல்வது போலிருக்கும். ஆசிரியர்கள் எல்லோரும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கேட்டார்கள். தீக்கு எரிய ஒரு பொருள் வேண்டும், காற்று வேண்டும், சூடு வேண்டும், ஒன்றை எடுத்துவிட்டால் தீ இல்லை என்றார் அதிகாரி. மூன்றாம் வகுப்பைப் பற்றிக் கேட்டபோது அவர் தயங்கவில்லை. "காத்த எடுக்க முடியாது, பிள்ளைங்க மூச்சு விடணும். டீச்சர் மனசுல இருக்கிற சூடு என் டிபார்ட்மென்ட் இல்ல. எரியற பொருளை எடுத்துடலாம்." ஆனால் அதற்குள் பெற்றோர் வாசலில் கூடிவிட்டார்கள். சுவரைக் காலி செய்வதைவிட டீச்சர் மனதைக் காலி செய்வது சுலபம் என்று அவர்களுக்குத் தோன்றியது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்து டீச்சரும் சம்மதித்தார்.

மறப்பது என்று முடிவெடுத்தபின் அவர் அதை வீட்டுப்பாடம் போலச் செய்தார். கணவனின் முகம் எட்டிப் பார்த்தால் உடனே பதின்மூன்றாம் வாய்ப்பாடு. மழை நேரத்தில் அது போதாமல் பத்தொன்பதாம் வாய்ப்பாடு. மாதங்கள் போயின, ஒரு துண்டுக் காகிதம்கூடக் கருகவில்லை. சுவரெல்லாம் மறுபடி படங்கள் ஏறின, சன்னலுக்குப் புதுத் திரை வந்தது, பெற்றோர் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். மறதி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டு வந்தது. முதலில் கணவனின் குரல் போனது. பிறகு அவன் எந்தக் கையால் தலை கோதுவான் என்பது போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் கல்யாணப் போட்டோவைத் துடைக்கும்போது, அதில் தன் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். காலருக்கு மேலே ஸ்டூடியோவின் நீலத் திரை தெரிந்தது. அழலாம் என்று உட்கார்ந்தார். யாரை நினைத்து அழுவது என்று தெரியாமல் எழுந்துபோய்த் துணி மடித்தார்.

மறுநாள் பிரேயர் மணிக்கு முன்பே தலைமையாசிரியையின் அறையில் நின்றார். "என்னால முடியல மேடம். அந்த முகம் எனக்கு வேணும்."

"அப்போ பிள்ளைங்க?"

"பிள்ளைங்களுக்கு நான் பொறுப்பு. எரியற பொருள் இல்லாம ரூமை நான் மாத்தி வைக்கறேன்."

ஒற்றைப் புருவ அதிகாரியே வந்து கூட நின்றார். சுவர்ப்படங்கள் இறங்கின, அவற்றுக்குப் பதில் டீச்சர் பழங்களையும் மிருகங்களையும் சாக்பீஸால் சுவரிலேயே வரைந்தார். திரை போனது. நோட்டுகள் இரும்பு பீரோவுக்குள் போய்க் கதவு சாத்திக்கொண்டன. பின்கதவை மறைத்து நின்ற அலமாரியை நகர்த்தி, பல வருடம் திறக்காத தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார்கள். நடக்கிற வழியில் பை வைக்கக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உள்ளேயே வரக்கூடாது. கதவோரம் மணல் வாளியும் தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டரும். சிலிண்டரின் பின்னை இழுத்து, ஜுவாலையை விட்டுவிட்டு அதன் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும் என்பதை டீச்சர் பழகிக்கொண்டார். பிள்ளைகள் பையை விட்டுவிட்டு, ஓடாமல், வரிசையாக வெளியேறி மரத்தடியில் நின்று தலையெண்ணக் கற்றுக்கொண்டார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டீச்சர் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்தினார். கணவன் கொஞ்சம் கொஞ்சமாக வந்தான். முதலில் காதுகள், பிறகு சிரிக்கும்போது கோணும் வாய். போட்டோவிலும் அதே வரிசையில் வந்தான். வகுப்பில் தீயும் வந்தது. வெறும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு எழுந்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் அடங்கியது. டீச்சரின் பார்வை சன்னல் பக்கம் போனால், முதல் பெஞ்சில் யாராவது எழுந்து, "நெனக்கறீங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். "ஆமாம்மா, கொஞ்சம்" என்பார் அவர். வரிசை கிளம்பிவிடும்.

ஒரு காலை, இங்கிலீஷ் பாட நேரத்தில், புகை நாற்றம் வந்தது. பிள்ளைகள் பழக்கப்படி டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சர் சுவரைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். "இது என்னுது இல்ல" என்றார். "எல்லாரும் மரத்தடிக்கு." பக்கத்தில் நான்காம் வகுப்பில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபேன், சார்ஜர், வெந்நீர்க் கெட்டில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அந்த வகுப்பு சார் ஆபீஸ் வரை போயிருந்தார். பாக்ஸ் உருகித் திரை பற்றி, திரையிலிருந்து சுவர்ப்படங்களுக்குத் தாவிவிட்டது. அந்தத் தீயில் ஏக்கம் எதுவும் இல்லை. ஆகவே அது யாருக்காகவும் நிற்கவில்லை. பின்கதவை அலமாரி அடைத்திருந்தது, முன்கதவோரம் எரிந்துகொண்டிருந்தது, அந்த வகுப்புப் பிள்ளைகள் மூலையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் சிலிண்டரோடு வாசலில் வந்து நின்று, அடியைப் பார்த்து வெள்ளைத் தூளை அடித்து வழி செய்தார். "குனிஞ்சு வாங்க கண்ணுங்களா, என் குரலைப் பிடிச்சிட்டு வாங்க." ஒவ்வொருவராக வந்தார்கள். மரத்தடியில் தலைமையாசிரியை இரண்டு முறை தலையெண்ணி, பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அறை போனது. பிள்ளை ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. அடுத்து வந்த விடுமுறை முடிவதற்குள் பள்ளியின் எல்லா அறைகளும் மூன்றாம் வகுப்பு மாதிரி ஆயின. வேறு பள்ளி ஆசிரியர்களும் வந்து பார்த்து, தாழ்ப்பாளைத் தடவிப்பார்த்துவிட்டுப் போனார்கள். கணவனை மறக்கச் சொல்லி டீச்சரிடம் கேட்க அதன்பிறகு யாருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாம் வகுப்பில் படித்தவர்களின் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்த காலத்தில் கணவன் திரும்பி வந்தான். பள்ளி விடும் நேரம் கேட் அருகே நின்றான், தலை நரைத்து, ஒரு பக்கம் சாய்ந்து. "இறங்கினேன். திரும்ப ஏறக் கால் வரல. அதுக்கு மேல எனக்கே தெரியல" என்றான். டீச்சர் அவன் காதுகளையும் வாயையும் நிதானமாகப் பார்த்தார். "சாப்டீங்களா?" என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். இனித் தீ வராது என்று ஊர் பேசிக்கொண்டது. அந்த வாரமே, டிக்டேஷன் நடுவே, சுவரில் வழக்கத்தைவிட உயரமாக ஒரு ஜுவாலை எழுந்தது. பிள்ளைகளை மரத்தடியில் பார்த்த தலைமையாசிரியை, ஓய்வுபெற ஆறேழு மாதமே இருந்தவர், கைத்தடியோடு நடந்து வந்தார்.

"அவர்தான் வந்துட்டாரே. இப்போ யாரை நெனக்கறீங்க?"

"வந்தவர் வீட்ல இருக்கார் மேடம். நான் நெனக்கறது போனவரை."

தலைமையாசிரியை தலையாட்டினார். சிலிண்டரை இந்த வருடம் நிரப்பியாயிற்றா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.

கணவனுக்கு மெக்கானிக் கை. சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு அறையிலும் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பான், தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விடுவான். கடைசியாக மூன்றாம் வகுப்புக்கு வருவான். சுவரில் அந்த வாரத்துக் கரி அவன் உயரத்துக்குப் படிந்திருக்கும். ஈரத்துணியால் பொறுமையாகத் துடைப்பான். யாரை நினைத்து எரிந்தது என்று அவன் கேட்டதில்லை. துடைத்து முடித்ததும் துணியைப் பிழிந்து சன்னல் கம்பியில் காயப்போடுவான். டீச்சர் பையை எடுத்துக்கொள்வார். இருவரும் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள்.